கல் இல்லாத குழிகளையும் எண்ணுங்கள்

மாவட்ட நில அதிகாரி, நகராண்மைக் கழகத் தலைவர், எங்கள் தோட்டத்தை வாங்கியிருக்கும் மேம்பாட்டு நிறுவனத்தின் இயக்குநர்கள் ஆகிய உங்கள் அனைவருக்கும்,

தோட்டத்து இடுகாட்டின் கம்பி வேலியில் கட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். "கட்டுமானம் உள்ள கல்லறைகள்" எண்ணப்பட்டுவிட்டன என்கிறது அது. உரிமை கோருகிறவர்கள் இறந்தவரின் இறப்புப் பத்திரத்தோடும் தங்கள் அடையாள அட்டையோடும் வந்து பதிந்துகொண்டால், அந்தக் கல்லறையைத் தோண்டி வேறோர் இடுகாட்டுக்கு மாற்றித் தருவீர்களாம். மிச்ச இடத்தை "காலி நிலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கடைவீடுகளும் சாலையும் வரும் என்று கூட்டத்தில் வரைபடம் காட்டினீர்கள்.

அது காலி நிலம் இல்லை. எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் அங்கேதான் கிடக்கிறார்கள்.

ஊர்ப் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. யாரையும் ஊர் சிரிக்க வைப்பது என் நோக்கம் இல்லை. வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். மலாயில் எழுதிக் கொடுத்த மனுவுக்கு இதுவரை பதில் இல்லை. இந்த மடலின் மலாய்ப் படியும் உங்கள் மேசைக்கு வரும். தமிழில் எழுதிப் பொதுவில் வைப்பது, தோட்டத்தை விட்டுப் போய்க் கிள்ளானிலும் ஷா ஆலமிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் படிக்க வேண்டும் என்பதற்காக. அவர்களுடைய பூட்டன், பாட்டி எல்லாரும் அந்தக் "காலி நிலத்தில்" தான்.

நான் இந்தத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார். மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு உரம் தூக்கினார். நான் டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஒரு தொகையைப் பார்த்தால் அது எப்படி வந்தது என்று கேட்பதுதான் என் வேலை. உங்கள் அறிவிப்பில் உள்ள தொகை, சிமெண்ட் பூசிய சமாதிகளை மட்டும் எண்ணி வந்த தொகை. அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

உங்கள் அளவையாளர்கள் எந்தப் பக்கமாக உள்ளே வந்தார்கள் என்று தெரியவில்லை. புதுச் சாலைப் பக்கமாக வந்திருந்தால் முதலில் கண்ணில் படுவது கடைசியாகக் கட்டிய டைல்ஸ் போட்ட சமாதிகள்தான். பிணம் வரும் வழி வேறு. தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்திலிருந்து கிளம்பி, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தைத் தாண்டி, பெரிய கானின் (வடிகாலின்) மேல் கிடக்கும் பாலத்தைக் கடந்தால் அரிச்சந்திரன் கல் வரும். இடுப்புயரம் இருக்கும், மஞ்சளும் எண்ணெயும் ஏறிக் கறுத்துப்போன கல். அங்கே பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றி மறுபடியும் தூக்குவார்கள். வெட்டியான் அரிச்சந்திரன் பாட்டைப் பாடி வழிவிடும் வரைக்கும் யாரும் அந்தக் கல்லைத் தாண்ட மாட்டார்கள். உங்கள் வரைபடத்தில் அந்தக் கல்லுக்கு எந்தக் குறியும் இல்லை. கடைவீடுகளின் பின்சந்து அதன் மேலேயே போகிறது.

கல்லுக்கு இடப்பக்கம் சுடலை. மறுநடவுக்காகச் சாய்த்த பால்மரக் கட்டைதான் அந்தக் காலத்தில் எரிக்கிற விறகு. வலப்பக்கம் புதைகுழிகள். கிழக்கே தள்ளி வேதக்காரர்களின் சிலுவைகள். அவர்கள் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். நாங்கள் தீபாவளிக்கு முன்னால் புல் வெட்டிச் சுத்தம் பண்ணி விளக்கு வைப்போம். வேலி ஓரத்தில் கம்போஜா மரங்கள், மூலையில் முனியாண்டியின் சூலம். இவ்வளவும் இருக்கிற இடத்தை ஒரு நாள் மத்தியானத்துக்குள் அளந்துவிட முடியாது.

இப்போது உங்கள் "காலி நிலத்துக்கு" வாருங்கள். நிமிர்ந்து நின்று பார்த்தால் லாலாங் புல்தான் தெரியும். புல்லை ஒதுக்கிவிட்டுக் குனிந்து பாருங்கள். தரையோடு தரையாக வெள்ளை வட்டங்கள் தெரியும். அவை பால் மங்கு. மரத்தில் கட்டிப் பால் பிடித்த பீங்கான் மங்கு. கல் வாங்கக் காசில்லாத வீட்டில், குழி மூடியதும் தலைமாட்டில் ஒரு மங்கை விளிம்பு வரைக்கும் மண்ணில் பதிப்பார்கள். அதில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கேற்றுவார்கள். சில மங்குகளின் உள்பக்கம் இன்னும் கரி பிடித்திருக்கிறது. விரலால் தேய்த்தால் ஒட்டுகிறது. கால்மாட்டில் குரோட்டன்ஸ் குச்சி ஒன்று நடுவார்கள். இப்போது அவை ஆள் உயரம் வளர்ந்து சிவப்பும் மஞ்சளுமாக நிற்கின்றன. அத்தனை செடியும் வரிசை பிசகாமல் நிற்பது நட்டதால்தான். அதையாவது உங்கள் அளவையாளர்கள் கவனித்திருக்க வேண்டும்.

மங்குக்கும் செடிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்த்தால் உள்ளே இருப்பவர் பெரியவரா பிள்ளையா என்று சொல்லிவிடலாம். வடக்கு ஓரத்தில் ஒரு வரிசை முழுக்க ஒன்றரை முழம், இரண்டு முழம்தான். என் அம்மாவுக்கு நேர் மூத்த அக்கா அந்த வரிசையில் இருக்கிறார். பேர் வைப்பதற்கு முன்பே போன பிள்ளை. எங்கள் தோட்டத்துப் பெண்கள் அரிச்சந்திரன் கல்லோடு நின்றுவிடுவார்கள், உள்ளே போக மாட்டார்கள். அதனால் பாட்டி ஒருநாளும் அந்தக் குழியைப் பார்த்ததில்லை. ஆனால் தாத்தா சொன்ன அடையாளத்தை மனப்பாடமாக வைத்திருந்தார்: ரெண்டாவது கம்போஜா மரத்துக்கு நேரே, ஓரத்திலிருந்து நாலாவது மங்கு. பாட்டி அம்மாவுக்குச் சொன்னார், அம்மா எனக்குச் சொன்னார். அந்த மங்கு இன்றும் அங்கேதான் இருக்கிறது. இந்தப் பிள்ளைக்கு நான் எந்த இறப்புப் பத்திரத்தைக் கொண்டு வருவது?

பிள்ளைகளும் பெரியவர்களுமாக இத்தனை பேர் ஏன் செத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடலோரப் பகுதி முழுக்க அன்றைக்குச் சதுப்பு. காட்டை வெட்டி, கான் தோண்டி, தண்ணீரை வடித்து இதைத் தோட்டமாக்கியவர்கள் கப்பலேறி வந்த எங்கள் ஆட்கள். காடு வெட்டின இடத்தில் தேங்கிய தண்ணீரில் கொசு பெருகியது, காய்ச்சல் வந்தது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பை வற்றவைத்தால் மலேரியா குறையும் என்று அந்த டவுனில் செய்தே காட்டினார். டவுனுக்கு வந்தது தோட்டத்து லயம் வரைக்கும் வந்து சேர வருடக்கணக்காயிற்று. அதற்குள் ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று இடுகாடு நிரம்பிவிட்டது. ஒப்பந்தக் கூலி முறையை 1910இல் நிறுத்தினார்கள், சரி. அப்புறம் கங்காணி கூட்டி வந்த ஆட்களுக்கும் அதே லயம்தான், அதே கான் தண்ணீர்தான்.

இடுகாட்டின் நடுவில் எழுத்து உள்ள பழைய கருங்கல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. பாசியைத் துடைத்துவிட்டு மாவைத் தூவித் தடவினால் வாசிக்கலாம். பேர் பாதி உதிர்ந்துவிட்டது. "காளயுக்தி வருஷம் ஐப்பசி மாசம்" என்பது தெளிவாக இருக்கிறது. இங்கிலீஷ் தேதி கிடையாது. அந்தக் காலத்தில் போட்டவர்களுக்குத் தெரிந்த காலக்கணக்கு இதுதான். காளயுக்தி என்பது 1918 சித்திரையில் பிறந்த வருஷம். அதன் ஐப்பசி என்றால் 1918 அக்டோபர், நவம்பர். உலகத்தையே வாரிக்கொண்டு போன விஷக்காய்ச்சல் மலாயாவில் உச்சத்தில் இருந்த நேரம் அது. அந்தக் கல்லுக்கு இரண்டு பக்கமும் நெருக்க நெருக்கமாக, நடுவே ஆள் நடக்க இடம் விடாமல் குழிகள். மற்ற வரிசைகளில் அந்த நெருக்கம் இல்லை. அந்த மாதத்தில் காலையில் ஒரு குழி, சாயங்காலம் ஒரு குழி என்று வெட்டினார்கள், வெட்டின ஆளே மறுவாரம் உள்ளே போனார் என்று எங்கள் கிழவர்கள் தங்கள் அப்பன்மார் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். கொள்ளை நோயில் தோட்டம் பட்ட பாட்டுக்கு இந்த ஊரில் இருக்கிற ஒரே சாட்சி அந்த வரிசைதான். உங்கள் வரைபடத்தில் அது வாகனம் நிறுத்துமிடம்.

அதற்கும் தெற்கே, எழுத்தே இல்லாமல் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று நிற்கிறது. எங்கள் ஆட்கள் அதைச் சயாம் கல் என்பார்கள். அதன் அடியில் யாரும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தும் போனார்கள். காலராவிலும் பசியிலும் புண் அழுகியும் செத்தவர்கள் அங்கேயே மண்ணானார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர், ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பலகை, புல்லைச் சீராக வெட்டிவைத்திருக்கிறார்கள். அதே பாதையில் செத்த தமிழனுக்குப் பேர் பொறித்த தனிக் குழி கிடையாது. இங்கே காத்திருந்த பெண்டாட்டிகளுக்குக் காரியம் பண்ணப் பிணம் இல்லை, தாலியைக் கழற்றுவதற்கும் ஒரு சேதி இல்லை. சண்டை முடிந்தும் ஆள் திரும்பாமல் போன பிறகு, தோட்டத்து ஆட்கள் காசு சேர்த்து அந்தக் கல்லை நட்டார்கள். போன எல்லாருக்கும் ஒரே கல். மாளய அமாவாசைக்கு அங்கே சோறு வைக்கிற குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. இறப்புப் பத்திரமும் எலும்பும் கேட்கிற உங்கள் அறிவிப்பின்படி அந்தக் கல்லுக்கு உரிமை கோர ஒருத்தராலும் முடியாது.

கூட்டத்தில் நீங்கள் காட்டிய வரைபடத்தில் ஒரே ஒரு சமாதியை மட்டும் பச்சையில் வட்டம் போட்டிருந்தீர்கள். இரும்புக் கிராதி போட்ட பளிங்குக் கல், தோட்டத்து உதவி நிர்வாகியாக இருந்த சின்னத் துரையுடையது. அதைச் சுற்றிச் சிறு பூங்கா வைத்து, தகவல் பலகை வைத்து, "மரபுச் சின்னமாக" அப்படியே விடப்போவதாகச் சொன்னீர்கள். அது இருக்கட்டும். எங்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அவரும் இதே காய்ச்சலில் இள வயதில் செத்தவர்தான், எங்கள் ஆட்கள்தான் அவருக்கும் குழி வெட்டினார்கள். ஆனால் அவருக்கு மரபு என்றால், அவருக்குப் பத்தடி தள்ளி அதே காய்ச்சலில் செத்துக் கிடக்கிறவர்களுக்கு மட்டும் எப்படி அது கடைவீடு ஆகும்? பேராக்கில் பத்து காஜாவில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட மூன்று வெள்ளைக்காரத் துரைமார் அங்கே இருக்கிறார்கள். வருடா வருடம் ஜூனில் அங்கே நினைவஞ்சலி நடக்கிறது. நல்ல காரியம். தோட்டத்து இடுகாட்டையும் காப்பாற்றி வைக்கலாம் என்று இந்த நாட்டில் யாருக்கும் தெரியாமல் இல்லை. கூலிக்காரன் கிடக்கிற இடம் என்று வரும்போதுதான் அது உங்களுக்குத் தோன்றவில்லை.

கெரானில் (நிலப் பத்திரத்தில்) இடுகாடு என்று எழுதவில்லை, விவசாய நிலம் என்றுதான் இருக்கிறது என்று நில அலுவலக அதிகாரி சொன்னார். உண்மைதான். ஏன் எழுதவில்லை என்பதை நான் சொல்கிறேன். பக்கத்துக் கம்போங்கில் முஸ்லிம்களின் இடுகாடு ஒதுக்கீட்டு நிலமாக அரசிதழில் ஏறியிருக்கிறது. சீனர்களின் இடுகாட்டுக்கு அவர்களுடைய சங்கத்தின் பேரில் பத்திரம் இருக்கிறது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு வீடும் கம்பெனியுடையது, கோயில் நின்ற மண்ணும் கம்பெனியுடையது, பள்ளிக்கூடமும் கம்பெனி நிலத்தில். பெரிய துரை கையைக் காட்டி "அங்கே புதை" என்று சொன்ன இடம்தான் இடுகாடு. எழுத்தில் ஒன்றும் இல்லை. கேட்டு வாங்குகிற நிலையிலும் அன்றைக்கு யாரும் இல்லை. பிறகு கம்பெனிகள் கைமாறின. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலையில் லண்டன் பங்குச் சந்தையில் வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனியான கத்ரி நிறுவனம் மலேசியர் கைக்கு வந்ததை நாடே கொண்டாடியது. அந்தக் கம்பெனி, இந்தக் கம்பெனி என்று ஒவ்வொரு கைமாற்றத்திலும் எத்தனை ஏக்கர், எத்தனை மரம், எத்தனை வயது மரம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். இடுகாட்டை ஒருவரும் எழுதவில்லை. உங்கள் நிறுவனம் வாங்கியதும் அப்படி எழுதாமல் விட்ட பத்திரத்தைத்தான். பத்திரத்தில் இல்லாதது நிலத்தில் இருக்கிறது.

இன்னொன்று. காலி நிலம் என்பதற்கு ஆதாரமாகச் சோதனைக் குழிகள் தோண்டினோம், எலும்பு கிடைக்கவில்லை என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. (எங்களைக் கேட்காமல் அங்கே தோண்டியது பற்றிக் கீழே எழுதுகிறேன்.) இந்தக் கடலோரக் களிமண் புளிப்பு மண். செம்பனைக்குச் சுண்ணாம்பு போட்டுப் பழகிய எந்தத் தோட்டத்து ஆளைக் கேட்டாலும் சொல்வார். புளிப்பு மண்ணும் தண்ணீரும் சேர்ந்தால் எலும்பைக் கரைத்துவிடும். அதிலும் பிள்ளை எலும்பு எத்தனை வருடம் தாங்கும்? பெட்டி இல்லாமல், கோடித் துணியில் சுற்றிப் புதைத்தவர்கள் அவர்கள். நூறு வருடத்துக்குப் பிறகு தோண்டினால் மண் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், அவ்வளவுதான் மிச்சம். எலும்பு இல்லை என்றால் ஆள் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. அதே காரணத்தால் "மாற்றித் தருகிறோம்" என்பதும் நடக்காத காரியம். எடுத்துப் போவதற்கு அங்கே மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. அவர்கள் இருக்கிற இடமே அவர்களுடைய சமாதி.

வாரிசுகள் ஏன் முன்வரவில்லை என்று ஓர் இயக்குநர் கேட்டார். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் கிடைக்காமல், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த சிவப்பு அடையாள அட்டையோடு நின்ற எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறி ஊருக்கே திரும்பிவிட்டன. தாயையும் பிள்ளையையும் இந்த மண்ணில் விட்டுவிட்டுப் போனார்கள். மிஞ்சியவர்களைத் தோட்டம் கைமாறியபோது லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். ஆளுக்கொரு திசையாகத் தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளுக்கும் பலகை வீடுகளுக்கும் போனார்கள். நீங்கள் உங்கள் அறிவிப்பை மலாயில் அடித்து, யாரும் குடியில்லாத தோட்டத்தின் வேலியில் கட்டினீர்கள். அதை அவர்கள் எங்கே நின்று படிப்பது? பழைய பத்திரங்களில் பேர் இருக்கிற விதத்தையும் பாருங்கள். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய பேர்கள். ஒரே அப்பனுக்கு மூன்று பிள்ளைகளின் சூராட்டில் (பிறப்புப் பத்திரத்தில்) மூன்று விதமாகப் பேர். இதை வைத்து உறவை நிரூபிக்கச் சொன்னால் நானே என் தாத்தாவுக்குப் பேத்தி இல்லை என்றாகிவிடும்.

சட்டம் உங்கள் கையைக் கட்டிப்போட்டிருப்பதாகக் கூட்டத்தில் அடிக்கடி சொன்னீர்கள். நான் வக்கீல் இல்லை, ஆனாலும் படிக்கத் தெரியும். இடுகாடும் சுடுகாடும் மாநிலத்தின் பொறுப்பு என்று கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை சொல்கிறது. பொதுத் தேவைக்காக நிலத்தை ஒதுக்கி அரசிதழில் போடும் அதிகாரம் மாநில அரசுக்கு இருக்கிறது என்பது தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவு. தனியார் நிலமாக இருந்தால் பொதுத் தேவைக்கு எடுத்துக்கொள்ள 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. சாலைக்கும் மின்கம்பத்துக்கும் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள்தானே நாம். நில எடுப்பு வரைக்கும் போக வேண்டிய அவசியமும் இல்லை. விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்றும்போதும் பிரிக்கும்போதும் சாலைக்கும் கானுக்கும் திடலுக்கும் என்று ஒரு பங்கை நிறுவனம் அரசிடம் ஒப்படைத்துத்தான் தீர வேண்டும். அந்த நேரத்தில் இடுகாட்டையும் ஒப்படைக்க வைக்கும் அதிகாரம் உங்கள் பேனா முனையில்தான் இருக்கிறது. அந்த நேரம் இப்போதுதான். அனுமதி கையெழுத்தாகிவிட்டால் பிறகு எல்லாரும் எல்லாரையும் கை காட்டுவார்கள்.

சோதனைக் குழிகளைப் பற்றி: பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே இடுகாட்டில் அத்துமீறுவதும், அங்கே கிடப்பவரை அவமதிப்பதும் குற்றம் என்கிறது தண்டனைச் சட்டத்தின் 297ஆம் பிரிவு. கெரானில் என்ன எழுதியிருக்கிறது என்று அது கேட்கவில்லை. உங்கள் இயந்திரம் வந்துபோன இடத்தில் இரண்டு மங்குகள் உடைந்து கிடக்கின்றன. மூன்றாவது ஒன்று மண்ணோடு பிடுங்கப்பட்டுக் கான் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. அதை எந்தக் குழியில் திரும்ப வைப்பது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் போலீசுக்குப் போகவில்லை. பேசித் தீர்க்கலாம் என்றுதான் இன்னமும் நினைக்கிறோம். ஆனால் இனி ஒரு குழி தோண்டினால் போவோம்.

நாங்கள் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கவில்லை. வீடு எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும். நூற்றுக்கணக்கான ஏக்கர் தோட்டத்தில் இடுகாடு நாலு ஏக்கருக்கும் குறைவு. அதைச் சுற்றித் தாமான் வரட்டும். பெரிய ஊர்களில் இடுகாட்டுக்குப் பக்கத்தில் வீடு கட்டி ஆட்கள் குடியிருக்கத்தானே செய்கிறார்கள்?

ஆகவே நாங்கள் கேட்பது இவை.

முதலில், அந்த வேலிக்குள் எந்த இயந்திரமும் நுழையக்கூடாது என்று நகராண்மைக் கழகம் எழுத்தில் உத்தரவு போட வேண்டும். வேலியில் கட்டிய அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டும். புதிதாக ஒன்று எழுதுவதாக இருந்தால் தமிழிலும் எழுதி, டவுன் கோயில்களிலும் தேவாலயத்திலும் தமிழ்ப் பத்திரிகைகளிலும் போட வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. மறுபடியும் எண்ண வேண்டும். இந்த முறை சிமெண்டை மட்டும் எண்ணாமல் மங்கு, குரோட்டன்ஸ், மண்மேடு, சாய்ந்த கல், மரச் சிலுவை எல்லாவற்றையும் எண்ண வேண்டும். அளவையாளர்களோடு எங்கள் கிழவர்களில் நாலைந்து பேரும் கூட நடப்பார்கள். தோண்டாமல் மண்ணுக்கடியில் பார்க்கும் ரேடார் கருவி இருக்கிறது. கான்கிரீட்டுக்குள்ளே போகும் குழாயைத் தேட நீங்களே வாடகைக்கு எடுப்பதுதான் அது. அதை ஒருநாள் இங்கேயும் தள்ளிப் பாருங்கள். நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களையும், தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள பழைய தொழிலாளர் இலாகா, சுகாதார இலாகாக் கோப்புகளையும் எடுத்துப் பார்த்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று எங்களுக்கும் காட்ட வேண்டும்.

நில அலுவலகத்திடம் கேட்பது: அரிச்சந்திரன் கல்லிலிருந்து சயாம் கல் வரைக்கும், சுடலையையும் வேதக்காரர் பகுதியையும் சேர்த்து, இடுகாடு முழுவதையும் நிறுவனத்திடமிருந்து ஒப்படைப்பாகப் பெற்று, 62ஆம் பிரிவின் கீழ் இடுகாட்டு ஒதுக்கீடாக அரசிதழில் போடுங்கள். திடலுக்கு விட வேண்டிய பங்கில் இதைக் கழிக்க நிறுவனத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்குத் திடலும் வேண்டும். லயத்திலிருந்து பாலம் வழியாக வரும் பழைய பாதையையும் பொதுப் பாதையாகப் பதிவு செய்யுங்கள். வழி இல்லாத இடுகாட்டுக்குப் பாடை எப்படி வரும்?

நிறுவனத்திடம் கேட்பது ஒன்றுதான். சின்னத் துரைக்கு வைக்கப்போகும் தகவல் பலகையை இடுகாட்டு வாசலில் வையுங்கள். அதில் 1918 வரிசையையும், சயாம் கல்லையும், பிள்ளைகள் வரிசையையும் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறோம். பராமரிப்புக்கு ஒரு குழு போட்டால் புல் வெட்டுகிற வேலையை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

மாநில அரசிடமும், எங்கள் ஓட்டை வாங்கிப் போன சட்டமன்ற உறுப்பினரிடமும்: இதே நிலையில் இன்னும் எத்தனையோ தோட்டங்களின் இடுகாடுகள் கம்பெனி கெரானுக்குள் பேர் இல்லாமல் கிடக்கின்றன. அடுத்த நிலம் கைமாறுவதற்கு முன்னால், மாநிலத்தில் உள்ள பழைய தோட்டத்து இடுகாடுகள் அத்தனைக்கும் ஒரு பட்டியல் எடுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் கோட்டைக்கும் பங்களாவுக்கும் மட்டும் எழுதிய சட்டம் இல்லை.

பதிலை எழுத்தில் கொடுங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னதைப் பிறகு யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அனுமதிக் கூட்டம் நடக்கும் தேதியை எங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். நாங்கள் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
இரண்டாம் டிவிஷன் லயத்தில் பிறந்த ஒருத்தி